கல்லீரல் புற்றுநோய்: மரபணு வெளிப்பாட்டுக் குறிப்பான்களும் நோயின் போக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் புற்றுநோய் என்று இங்கே எதைச் சொல்கிறோம்?

கல்லீரலின் சொந்தச் செல்களான ஹெபடோசைட்டுகளில் தொடங்கும் புற்றுநோயை, மருத்துவர்கள் ரிப்போர்ட்டில் எச்.சி.சி. என்று சுருக்கி எழுதும் நோயை, மட்டுமே இங்கே பேசுகிறோம். கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுநோய்களில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் இந்த வகைதான். குடலிலோ மார்பகத்திலோ தோன்றிக் கல்லீரலுக்குப் பரவியவை இதில் சேரமாட்டா. கல்லீரல் புற்றுநோய் 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 8.66 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது என்றும், அதே ஆண்டில் 7.58 லட்சம் பேர் அதனால் இறந்தனர் என்றும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டுள்ளது. இரண்டு எண்களும் இத்தனை நெருங்கி நிற்பதால்தான், யாருக்கு நோய் எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே அறியும் ஆவல் இந்தத் துறையில் இவ்வளவு தீவிரமாக இருக்கிறது.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன? மரபணு மாற்றமும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல, ஆனால் தொடர்புடையவை. நம் உடலின் எல்லாச் செல்களிலும் கிட்டத்தட்ட ஒரே மரபணுக்கள்தான் உள்ளன. கண்ணில் இருக்கும் செல்லும் கல்லீரலில் இருக்கும் செல்லும் வேறுபடுவதற்குக் காரணம், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதே. ஒரு மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, அதைப் பார்த்துப் புரதம் உருவாகிறது. அந்த ஆர்.என்.ஏ.வின் அளவையோ புரதத்தின் அளவையோ கணக்கிடுவதுதான் வெளிப்பாட்டை அளப்பது.

மரபணு மாற்றம் என்பது டி.என்.ஏ.வின் எழுத்திலேயே ஏற்படும் பிழை. நிலக்கடலையிலும் சோளத்திலும் பூஞ்சணம் பிடிக்கும்போது உண்டாகும் அஃப்ளடாக்சின் நச்சு, கட்டி வளர்வதைத் தடுக்கும் டி.பி.53 என்ற மரபணுவின் 249ஆவது இடத்தில் ஒரு குறிப்பிட்ட பிழையை விட்டுச்செல்கிறது என்று 1991இல் சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியிலும் உள்ள நோயாளிகளின் கட்டிகளைக் கொண்டு காட்டினார்கள். அது எழுத்துப் பிழை. அந்தப் பிழையின் விளைவாகச் செல்லுக்குள் எந்தெந்த மரபணுக்கள் உரக்கப் பேசுகின்றன, எவை வாயடைத்துப் போகின்றன என்பது வெளிப்பாடு.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். குளுடமின் சின்தடேஸ் என்ற நொதிக்கான சாயத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நலமான கல்லீரல் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, இந்த நொதி இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றிப் பார்த்தால், ஸ்லைடு முழுவதும் வெளிறிய நீலமாகவே இருக்கும். ஒவ்வொரு மையச் சிரையைச் (சிறு இரத்தக் குழாயை) சுற்றியும் ஒன்று முதல் மூன்று வரிசைச் செல்கள் மட்டும், குங்குமத்தைச் சுற்றி வரைந்த வட்டம்போல, பழுப்பு வளையமாக நிற்கும். சி.டி.என்.என்.பி.1 என்ற மரபணுவில் மாற்றம் ஏற்பட்ட கட்டியில் இந்த ஒழுங்கே இராது. நொதியைச் சுரக்கச் சொல்லும் கட்டளை அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதால், கட்டி முழுவதும் அடர்பழுப்பாகிவிடும். மாற்றத்தைத் தேடி டி.என்.ஏ.வைப் படிக்காமலேயே, அது நடந்திருக்கக்கூடும் என்பதை நோயியல் மருத்துவர் ஊகித்துவிடுகிறார். எச்.சி.சி. கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் இந்த மரபணு மாறியிருக்கிறது.

ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஏ.எஃப்.பி. எனப்படும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம்தான் இந்தத் துறையின் மூத்த வெளிப்பாட்டுக் குறிப்பான், அதாவது வெளிப்பாட்டின் அளவைக் கொண்டு நோயைப் பற்றிச் சொல்லும் அடையாளம். அதை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை, அவ்வளவுதான். கருவில் இருக்கும் குழந்தையின் கல்லீரல் இந்தப் புரதத்தை ஏராளமாகச் சுரக்கிறது. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல்லாயிரம் நானோகிராம் இருக்கும் இந்த அளவு, ஏறக்குறைய ஒரு வயதுக்குள் 10க்கும் கீழே இறங்கி, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுகிறது. அதாவது அந்த மரபணு வாயை மூடிக்கொள்கிறது. 1963இல் மாஸ்கோவில் காரி ஆபெலெவ் குழுவினர் கல்லீரல் கட்டி உள்ள எலிகளின் இரத்தத்தில் இந்தக் கருப்புரதம் மீண்டும் தோன்றுவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே யூரி டட்டாரினோவ் மனித நோயாளியிடமும் அதைக் கண்டறிந்தார். முதிர்ந்த செல் மீண்டும் குழந்தைத்தனமாக நடக்கத் தொடங்குவதன் அடையாளம் அது.

இதிலிருந்து நோய்ப்போக்கையும் ஓரளவு படிக்கலாம். மிக உயர்ந்த ஏ.எஃப்.பி. உள்ள கட்டிகள் பெரும்பாலும் முதிர்ச்சி குறைந்தவையாகவும், இரத்தக் குழாய்களுக்குள் நுழையும் இயல்புடையவையாகவும் இருக்கின்றன. ஆகவேதான் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்கு ஒருவர் ஏற்றவரா என்று முடிவுசெய்யும்போது, 1996ஆம் ஆண்டின் மிலான் வரையறை கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்தது போதாது என்று கருதி, பிரான்சில் 2012இல் வெளியான ஒரு மதிப்பெண் முறை ஏ.எஃப்.பி. 100ஐத் தாண்டுகிறதா, 1000ஐத் தாண்டுகிறதா என்பதையும் சேர்த்துக்கொண்டது.

ஏ.எஃப்.பி. இயல்பாக இருந்தால் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எச்.சி.சி. உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, சில தொகுப்புகளில் அதற்கும் மேற்பட்டோருக்கு, ஏ.எஃப்.பி. உயர்வதே இல்லை. மறுபுறம், கர்ப்பிணிகளுக்கும், ஹெபடைடிஸ் தீவிரமாகிக் கல்லீரல் செல்கள் அழிந்து புதிதாக வளரும்போதும், புற்றுநோய் இல்லாமலேயே அது உயரும். ஒரே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பதைவிட, சில வார இடைவெளியில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

பயாப்சி ரிப்போர்ட்டில் சி.கே.19 பாசிட்டிவ் என்று இருக்கிறது. அது எதைக் குறிக்கிறது?

சி.கே.19 என்ற புரதம், அதன் மரபணுவான கே.ஆர்.டி.19, இயல்பாகப் பித்தநாளச் செல்களிலும் கல்லீரலின் மூலச்செல் போன்றவற்றிலும் மட்டுமே வெளிப்படும். முதிர்ந்த ஹெபடோசைட்டில் அதற்கு வேலையில்லை. எச்.சி.சி. கட்டியின் செல்களில் 5 விழுக்காடோ அதற்கு மேலோ இந்தச் சாயத்தை ஏற்றால் பாசிட்டிவ் என்று எழுதுவது வழக்கம். அத்தகைய கட்டிகள் அறுவைக்குப் பின் சீக்கிரம் திரும்புவதும், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதும் மற்றவற்றைவிட அதிகம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. எபிகேம் என்ற புரதத்தைப் பற்றியும் இதே திசையில்தான் முடிவுகள் வந்துள்ளன. ஆனால் கிளிபிகன்-3 என்ற சாயத்தை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது பெரும்பாலும், இது உண்மையிலேயே புற்றுநோய்தானா என்ற நோயறிதல் கேள்விக்கு விடை தேடச் செய்யப்படுவது.

கட்டிகளை மரபணு வெளிப்பாட்டை வைத்து வகைப்படுத்துவது எப்படித் தொடங்கியது?

ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒரே நேரத்தில் அளக்கும் மைக்ரோஅரே சில்லுகள் வந்த பிறகுதான் இது சாத்தியமாயிற்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்நோரி தோர்கெய்ர்சனின் குழு 2004இல் 91 கட்டிகளை ஆராய்ந்து, அவை தாமாகவே இரண்டு கூட்டங்களாகப் பிரிவதையும், ஒரு கூட்டத்தினர் மற்றக் கூட்டத்தினரைவிட மிகக் குறைந்த காலமே உயிரோடு இருந்ததையும் காட்டியது. அதே குழு 2006இல், கருவின் கல்லீரல் முன்னோடிச் செல்களைப்போல் நடந்துகொள்ளும் கட்டிகளே மிக மோசமான போக்குடையவை என்று இன்னும் நுணுக்கமாகச் சொன்னது. ஏ.எஃப்.பி. அறுபதுகளில் சாடையாகச் சொன்ன அதே செய்திதான் இது.

பாரிசில் ஜெசிகா ஜுக்மன்-ரோஸ்ஸியின் குழு 2007இல் ஜி1 முதல் ஜி6 வரை ஆறு பிரிவுகளை முன்வைத்தது. 2009இல் யுஜின் ஹோஷிடாவும் சக ஆய்வாளர்களும் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த 603 நோயாளிகளின் தரவுகளை ஒன்றாக்கி, எஸ்1, எஸ்2, எஸ்3 என்று மூன்றாகச் சுருக்கினார்கள். பெயர்கள் மாறினாலும் பொதுவான வரைபடம் ஒன்றுதான்: ஒரு பக்கம் வேகமாகப் பெருகும், டி.பி.53 பழுதான, ஏ.எஃப்.பி. உயர்ந்த கட்டிகள், மறுபக்கம் ஹெபடோசைட்டின் குணத்தை இன்னும் இழக்காத, சி.டி.என்.என்.பி.1 மாற்றம் அதிகம் காணப்படும், மெதுவாக நகரும் கட்டிகள்.

கட்டியைவிடச் சுற்றியுள்ள கல்லீரல் அதிகம் சொல்கிறது என்பது உண்மையா?

இந்தத் துறையில் என்னைக் கேட்டால் மிகவும் யோசிக்க வைக்கும் கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அறுவையில் எடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்துச் சோப்புத்துண்டு போன்ற சிறு கட்டியாக்கி, மருத்துவமனையின் நோயியல் பிரிவில் அடுக்கி வைப்பார்கள். ஆய்வகத்தில் அதை பிளாக் என்பார்கள். ஃபார்மலின் ஆர்.என்.ஏ.வை நறுக்கித் துண்டாக்கிவிடும் என்பதால், வெளிப்பாட்டு ஆய்வுக்கு உடனே உறையவைத்த திசுதான் வேண்டும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். உறைந்த திசு சில பெரிய மையங்களில் மட்டுமே உண்டு. அதன் உரிமையாளர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கோ அதைவிட அரிது. துண்டான ஆர்.என்.ஏ.வையும் படிக்கும் ஒரு முறையைக் கொண்டு, ஹோஷிடாவும் டாட் கோலப்பும் உள்ளிட்ட குழு ஏறத்தாழ 6,000 மரபணுக்களைப் பழைய பிளாக்குகளில் அளந்து 2008இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் சில 20 ஆண்டுகளுக்கும் மேலாக அலமாரியில் கிடந்தவை.

முதலில் ஜப்பானைச் சேர்ந்த 82 நோயாளிகளின் கட்டிகளைப் பார்த்தார்கள். கட்டியின் வெளிப்பாட்டுக்கும் நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதற்கும் சொல்லத்தக்க தொடர்பு கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இவர்களோ அதே பிளாக்கில் கட்டிக்குப் பக்கத்தில் இருந்த, புற்றுநோய் இல்லாத கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே தொடர்பு தெளிவாக இருந்தது. அதிலிருந்து 186 மரபணுக்களைக் கொண்ட தொகுப்பு ஒன்றை உருவாக்கி, அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் சேர்ந்த வேறு 225 நோயாளிகளிடம் சோதித்தபோதும் அது தாக்குப்பிடித்தது. மோசமான போக்கைக் காட்டியவை அழற்சியோடும், இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியோடும் தொடர்புடைய மரபணுக்கள். நல்ல போக்கைக் காட்டியவை, கல்லீரல் தன் அன்றாட வேலையை ஒழுங்காகச் செய்யும்போது வெளிப்படும் மரபணுக்கள்.

எப்படி இது? எச்.சி.சி. பெரும்பாலும் நலமான கல்லீரலில் வருவதில்லை. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் வடுப்பட்டு, சிரோசிஸ் ஆகிவிட்ட கல்லீரலில் வருகிறது. அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு நோய் திரும்புகிறது. ஆனால் அந்தத் திரும்பல் இரண்டு விதம். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டி முன்னமே சிந்திவிட்ட செல்களிலிருந்து முளைப்பது. அதற்குப் பின் வருவது பல நேரங்களில் முற்றிலும் புதிய கட்டி. களையைப் பிடுங்கினாலும் களை விளையும் மண் அங்கேயே இருக்கிறது. கட்டியைப் படித்தால் முதல் ஆபத்து தெரியும், மண்ணைப் படித்தால் இரண்டாவது தெரியும். கல்லீரலே செயலிழந்து இறப்பதும் உண்டு என்பதால், மண்ணின் நிலை வாழ்நாளை இரண்டு வழிகளில் தீர்மானிக்கிறது.

இதே 186 மரபணுத் தொகுப்பை 2013இல், புற்றுநோயே இன்னும் வராத, ஹெபடைடிஸ் சியால் தொடக்கநிலைச் சிரோசிஸ் ஏற்பட்ட 216 பேரிடம் சோதித்தார்கள். யாருக்குக் கல்லீரல் மேலும் கெடும், யாருக்குப் புற்றுநோய் வரும் என்பதோடும் அது ஒத்துப்போயிற்று.

ஆயிரக்கணக்கான மரபணுக்கள் எதற்கு? சிலவற்றை மட்டும் அளந்தால் போதாதா?

போதும் என்பதே 2013இல் பிரான்சின் ஜான்-சார்ல்ஸ் நோ, ஜுக்மன்-ரோஸ்ஸி குழுவினரின் வாதம். அறுவை செய்யப்பட்ட 314 நோயாளிகளின் கட்டிகளை வைத்து, டி.ஏ.எஃப்.9, ராம்ப்3, எச்.என்.1, கே.ஆர்.டி.19, ரான் ஆகிய ஐந்து மரபணுக்களிலிருந்து நோய்ப்போக்கைக் கணிக்கும் ஒரு மதிப்பெண்ணை அவர்கள் கணக்கிட்டார்கள். ஐந்து மரபணுக்களைச் சாதாரண பி.சி.ஆர். கருவியிலேயே அளந்துவிடலாம். சி.கே.19 இங்கேயும் தலைகாட்டுவதைக் கவனியுங்கள்.

அப்படியானால் இந்தச் சோதனைகளை ஏன் எல்லா மருத்துவமனைகளிலும் செய்வதில்லை?

முதல் காரணம், திசுவே கிடைப்பதில்லை. சிரோசிஸ் உள்ளவரின் கல்லீரலில் இருக்கும் கட்டி, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், செலுத்திய சாயம் தமனி வழியே வரும் கட்டத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து பின்னர் மங்குமானால், ஊசி குத்தாமலேயே எச்.சி.சி. என்று உறுதி செய்ய வழிகாட்டுதல்கள் அனுமதிக்கின்றன. ஊசித் தடத்தில் புற்றுச் செல்கள் விதைக்கப்படலாம் என்ற அச்சமும் இரத்தக்கசிவு பற்றிய அச்சமும் இதற்குத் துணை நிற்கின்றன. நோயாளிக்கு நன்மையான இந்த நடைமுறை, மரபணு ஆய்வுக்குத் திசுவே மிஞ்சாதபடி செய்துவிட்டது. திசு எடுத்தாலும், ஒரே கட்டியின் இரு மூலைகள் இரு விதமாகப் பேசும் என்ற சிக்கல் உண்டு.

இரண்டாவது காரணம் சற்றுச் சங்கடமானது. வெளியாகும் மரபணுத் தொகுப்புகளில் பல, பிற நோயாளிகளிடம் நிலைப்பதில்லை. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகை வரைபடத் திட்டம் ஏறத்தாழ 370 கல்லீரல் கட்டிகளின் தரவுகளை எவரும் பதிவிறக்கும்படி வைத்திருக்கிறது. அதே தரவுகளை வெவ்வேறு கோணத்தில் அரித்தெடுத்துப் புதிய தொகுப்பு கண்டோம் என்று சொல்லும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மார்பகப் புற்றுநோயில் பெல்ஜிய ஆய்வாளர்கள் 2011இல் செய்த ஒரு சோதனையை இங்கே நினைவுகூர வேண்டும். உணவுக்குப் பின் சிரிப்பதால் இரத்தச் செல்களில் மாறும் மரபணுக்களின் தொகுப்பும்கூட மார்பகப் புற்றுநோயாளிகளின் வாழ்நாளோடு தொடர்பு காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய பெரிய தொகுப்புகளில் பெரும்பாலானவையும் அப்படியே காட்டின. செல் பெருக்கத்தோடு இழைந்த மரபணுக்கள் எங்கும் பரவியிருப்பதால், எதை அள்ளினாலும் அவற்றில் சில வந்துவிடுகின்றன. கல்லீரல் கட்டுரைகளைப் படிப்பவரும் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, கட்டியின் அளவு, எண்ணிக்கை, இரத்தக் குழாய்க்குள் நுழைவு, கல்லீரலின் செயல்திறனைக் காட்டும் பிலிருபின், அல்புமின் ஆகிய சாதாரண விவரங்களே பெரும்பகுதியைச் சொல்லிவிடுகின்றன. அவற்றுக்கு மேல் புதிய தொகுப்பு எவ்வளவு கூட்டுகிறது என்பதே கேள்வி.

எந்த மருந்து கொடுப்பது என்பதை இந்தக் குறிப்பான்கள் தீர்மானிக்கின்றனவா?

ஓர் இடத்தில் தீர்மானிக்கின்றன. ராமுசிருமாப் என்ற மருந்து எல்லா நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்த முதல் பெரிய ஆய்வில் வெற்றி பெறவில்லை. ஆனால் ஏ.எஃப்.பி. 400ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் பயன் இருப்பதுபோல் தெரிந்தது. அவர்களை மட்டும் சேர்த்து மறு ஆய்வு நடத்தினார்கள். இடைநிலை வாழ்நாள் 7.3 மாதங்களிலிருந்து 8.5 மாதங்களாக உயர்ந்தது. ஆதாயம் சிறிதுதான் என்றாலும், 2019இல் அமெரிக்காவில் அந்த அளவுகோலோடேயே மருந்து அனுமதி பெற்றது.

நேர்மாறான அனுபவமும் உண்டு. மெட் என்ற மரபணுவின் வெளிப்பாடு உயர்ந்த கட்டிகளுக்கு டிவான்டினிப் என்ற மருந்து உதவுகிறது என்று சிறிய ஆய்வு ஒன்று காட்டியது: போலி மருந்து பெற்றவர்கள் வாழ்ந்த 3.8 மாதங்களுக்கு எதிராக 7.2 மாதங்கள். அத்தகைய 340 பேரைச் சேர்த்து நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்கள் 8.4 மாதங்களும் போலி மருந்து பெற்றவர்கள் 9.1 மாதங்களும் வாழ்ந்தார்கள். சி.டி.என்.என்.பி.1 மாற்றம் உள்ள கட்டிகளில் நோயெதிர்ப்பு மருந்துகள் வேலை செய்யாது என்ற கருத்தும் பரவலாக உண்டு. ஆய்வுகள் அதில் ஒரே குரலில் பேசவில்லை. அதை மட்டும் காரணமாக்கி ஒருவருக்கு அந்தச் சிகிச்சையை மறுப்பது இப்போதைக்குச் சரியல்ல.

நோய்ப்போக்கைச் சொல்வதும் மருந்தின் பலனைச் சொல்வதும் ஒன்றுதானே?

இல்லை. 2009இல், மற்ற மரபணுக்களின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ.க்களில் ஒன்றான மைக்ரோ ஆர்.என்.ஏ.-26 பற்றி வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. அது குறைவாக இருந்த கட்டிகளையுடையவர்கள் பொதுவாகக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். ஆனால் இன்டர்ஃபெரான் சிகிச்சையால் அதிகம் பயன்பெற்றவர்களும் அவர்களே. கெட்ட செய்தி சொல்லும் குறிப்பான், ஒரு மருந்தைப் பொறுத்தவரை நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

எனக்கு மோசமான வகை என்று சொன்னார்கள். அதற்கு என்ன பொருள்?

ஒரு கூட்டத்தின் சராசரியைப் பற்றிய கூற்று அது. அபாய விகிதம் 2 என்றால், அந்தக் கூட்டத்தில் எந்த ஒரு காலகட்டத்திலும் இறப்பின் வேகம் மற்றக் கூட்டத்தைப்போல் இரு மடங்கு என்று பொருள். வாழ்நாள் சரிபாதியாகும் என்று பொருளல்ல. அந்தக் கூட்டத்துக்குள்ளேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். பழைய ஆய்வுகளின் வாழ்நாள் கணக்கு பழைய மருந்துகளின் காலத்தைச் சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது: சோராஃபெனிப் வந்த 2007இல் முற்றிய நோய்க்கு அதுவே ஒரே மருந்து, அடெசோலிசுமாபும் பெவசிசுமாபும் சேர்ந்த சிகிச்சை 2020இல் ஓராண்டு உயிர்வாழ்வை 54.6 விழுக்காட்டிலிருந்து 67.2 விழுக்காடாக உயர்த்தியது.

சுற்றியுள்ள கல்லீரலின் போக்கை மாற்ற முடியுமா?

பல நேரங்களில் முடியும். ஹெபடைடிஸ் பி வைரஸை மாத்திரையால் அடக்கி வைப்பதும், ஹெபடைடிஸ் சியை முழுவதுமாக ஒழிப்பதும், மதுவை நிறுத்துவதும், சர்க்கரையையும் உடல் எடையையும் கட்டுக்குள் கொண்டுவருவதும் அழற்சியைக் குறைக்கின்றன. அறுவை வெற்றியாக முடிந்தவர்களில் சிலர், இனி அந்த மாத்திரை எதற்கு என்று ஹெபடைடிஸ் பி மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது மிகவும் ஆபத்தானது.

மருத்துவரிடம் குறிப்பாக எவற்றைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

அறுவை நடந்திருந்தால், நோயியல் ரிப்போர்ட்டில் நுண் இரத்தக் குழாய் நுழைவு உண்டா, கட்டியின் முதிர்ச்சி எந்தத் தரம், சி.கே.19 சாயம் பார்க்கப்பட்டதா, கட்டிக்கு வெளியே உள்ள கல்லீரலில் வடு எந்த அளவு என்ற நான்கையும் கேளுங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஏ.எஃப்.பி. எண்களைத் தேதியோடு ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது ஸ்கேன் குறுந்தகட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. பிளாக் எண்ணையும் குறித்துக்கொண்டு, அது எவ்வளவு காலம் பாதுகாக்கப்படும், தேவைப்பட்டால் கட்டியுள்ள பிளாக்கோடு கட்டியில்லாத திசு உள்ள பிளாக்கையும் தருவார்களா என்று நோயியல் பிரிவில் கேட்டுவிடுங்கள்.